வியாழக்கிழமை வட்டம்

மாரண்டஹள்ளி
14.6.2024

அன்புள்ள அக்கா மகள் சசிகலாவுக்கு,

உன் தாய்மாமன் கிருஷ்ணப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை ராஜாமணியும் மாடு இரண்டும் சௌக்கியம். மைசூர் பக்கம் நீ சேர்ந்திருக்கும் அந்த மனநல இல்லத்தில் சாப்பாடு வாய்க்கு விளங்குகிறதா, படுத்தால் தூக்கம் வருகிறதா, அதை முதலில் எழுது.

போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, கொஞ்ச மாதத்துக்கு அதைக் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்று உன் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அதனால்தான் இந்தக் கடுதாசி. நான் எட்டாவதோடு நின்றவன் என்றாலும், என் கையெழுத்தில் மனுவைப் பார்த்துவிட்டு ஒரு தாசில்தார் எழுந்து நின்று கைகொடுத்த கதை உனக்குத் தெரியும்.

உன் 'ஒத்தாசை' அமைப்பைப் பற்றிக் கவலையே படாதே. மனசு உடைந்தவர்களுக்காக பத்து வருஷம் நீ கட்டிக் காத்ததை நான் விட்டுவிடுவேனா? நீ வரும்வரைக்கும் என்னையே தற்காலிகத் தலைவராக கமிட்டி ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஏகமனது என்றால் செயலாளர் அப்துல் ரஷீத் பாயின் மனது. அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. பாலக்கோடு தக்காளி மண்டியில் முப்பது வருஷம் ஏலம் கூவினவனுக்கு இதெல்லாம் ஒரு பாரமா?

நேற்று உரக்கடை மாடியில் வியாழக்கிழமைக் கூட்டம். படியிலெல்லாம் ஆள். நீ எங்கே என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். 'எனக்கு உடம்பு முடியவில்லை, வைத்தியத்துக்குப் போயிருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள் மாமா' என்று நீ சொல்லித்தான் போனாய். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை முகமும் என்னையே பார்க்கிறது. வாயிலிருந்து டெல்லி என்று வந்துவிட்டது. மத்திய சர்க்காரே உன்னைப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறது, விமான டிக்கெட்டு அவர்கள் செலவு, அங்கே குளிருக்குக் கம்பளி கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு கை தாராளமாகவே சொல்லிவிட்டேன். ஜனங்களுக்கு என்ன சந்தோஷம்!

எல்லோரும் போன பிறகு ரஷீத் பாய், "ஜூன் மாசத்துல டெல்லில கம்பளியாங்க மாமா?" என்றார்.

"ஏசி ரூம்புல ஜூன் ஏது, மார்கழி ஏது பாய்?" என்றேன்.

தையல்காரர் அல்லவா, எதையும் அளவெடுத்துத்தான் பார்ப்பார். அவர் சிரிக்கவில்லை.

பத்தாம் ஆண்டு விழாவை அக்டோபர் பத்தாம் தேதிக்கு வைத்திருக்கிறோம். பெரிய மண்டபம், அதிகாரிகள், பிரியாணி. அன்றைக்கு மேடையில் நீ நிற்பாய் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்து சேர்.

உன் மாமன்,
கிருஷ்ணப்பன்


24.6.2024

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள். இங்கே இரண்டு நாளாக மழை. நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள், சாப்பிடுகிறேன்.

டெல்லி வேண்டாம் மாமா. அடுத்த வியாழக்கிழமையே மாற்றிச் சொல்லிவிடுங்கள். நானும் மாத்திரை சாப்பிடுகிறவள்தான் என்பது அவர்களுக்குப் பழைய செய்தி. இந்த முறை கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று. கூட்டத்தில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருவோம் இல்லையா, அதில் முதலில் பேச வேண்டியது தலைவர். அந்த வாரம் தூக்கம், சாப்பாடு, மாத்திரை, மனசு எப்படி இருந்ததோ அதை அப்படியே சொல்ல வேண்டும். தலைவர் எவ்வளவு தூரம் திறக்கிறாரோ அவ்வளவு தூரம்தான் மற்றவர்களும் திறப்பார்கள். ரஷீத் அண்ணன் ஒரு முறை, கடையைப் பூட்டிவிட்டு வெட்டும் மேசைக்கு அடியிலேயே படுத்துக் கிடந்ததைச் சொன்னார். அன்றைக்குத்தான் செல்லி முதன்முதலாக வாய் திறந்தாள்.

செல்லி, பஞ்சப்பள்ளிப் பக்கம் வயல் நடுவே காட்டுக்கொட்டாய் வீட்டில் அம்மா கண்ணம்மாளோடு இருக்கிறவள். யாரோ தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கும் குரல் அவள் காதில் கேட்கும். மாத்திரை சாப்பிட்டால் அது அடங்கும். அவள் பேசும்போது வார்த்தையை விட்டுவிடுங்கள், முகத்தைப் பாருங்கள்.

சசிகலா


மாரண்டஹள்ளி
12.7.2024

அன்புள்ள சசிக்கு,

மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி, அது அவள் என்னைத் திட்டுவதை நிறுத்தவில்லை. உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லையே, மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

நீ சொன்ன வட்டம் பிரமாதமாக நடக்கிறது. முதலில் பேச வேண்டியது தலைவர் என்றாயே, மண்டிக் குரலில் எடுத்தேன் பார். "நானு கல்லாட்டம் இருக்கறேன்! படுத்தாத் தூக்கம், எந்திரிச்சாப் பசி! மனசா? அது பாட்டுக்குக் கெடக்குது!" என்றேன். சிரிப்பு, கைதட்டல். பக்கத்திலிருந்தவர் "நானும் நல்லாருக்கறனுங்க" என்றார். அடுத்தவரும் அப்படியே. ஒரு சுற்று முழுக்க நல்லாருக்கேன், நல்லாருக்கேன்தான். நீ இருக்கும்போது பொழுது சாயும்வரை அழுகையும் மூக்குச் சிந்தலுமாக ஓடுமே, நான் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். இரண்டு வாரமாக இதே கதைதான். உன் வைத்தியத்தைவிட என் வைத்தியம் வேகம் என்று சொல்லலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் செல்லியும் "நல்லாருக்கறனுங்க" என்றாள். ஒரே வார்த்தை, வெட்டின மாதிரி.

உன் போனும் ஓயாமல் அடிக்கிறது. ஒவ்வொருவருக்கும் தைரியம் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. அந்தக் கண்ணம்மாள்கூட கூப்பிட்டாள். "புள்ள ராவெல்லாம் வூட்டச் சுத்திச் சுத்தி நடக்குதுங்க" என்றாள். "வயசுப் புள்ள, காத்து வாங்க நடக்கும். சூடா ராகிக் களி போட்டுக் குடும்மா, கெடந்து தூங்கும்" என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் அவள் கூப்பிடவே இல்லை. தூங்கிவிட்டிருக்கும்.

டெல்லியை இன்னும் மாற்றவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு? உனக்கு அங்கே ஏதோ விருது கொடுக்கப் போகிறார்கள் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. அதை நான் ஆரம்பிக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

உன் மாமன்,
கிருஷ்ணப்பன்


20.7.2024

மாமாவுக்கு,

வணக்கம். அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பத்து வருடத்தில் ஒரு வியாழக்கிழமைகூட எல்லோரும் நன்றாக இருந்ததில்லை மாமா. யாராவது ஒருவர் தூங்கியிருக்க மாட்டார். யாராவது மாத்திரையை நிறுத்தியிருப்பார். அதைச் சொல்வதற்குத்தான் அவர்கள் பஸ் பிடித்து வருகிறார்கள்.

செல்லி இரவில் நடக்கிறாள் என்றால் அது காற்றுக்கு அல்ல. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ரஷீத் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். நாளை என்று வைக்காதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கண்ணம்மாளிடம் தனியாகக் கேளுங்கள். உடனே எனக்கு எழுதுங்கள்.

சசிகலா


மாரண்டஹள்ளி
23.8.2024

அன்புள்ள சசிகலாவுக்கு,

மாமன் எழுதுவது. எல்லோரும் சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, விழா வேலை அப்படி. போன வாரம் ஓசூர் வரைக்கும் ஒரு வேலையாக இரண்டு தடவை போய்வந்ததில் கால் வீங்கிப்போனது. இப்போது தேவலாம்.

மண்டபம் பேசியாகிவிட்டது. முன்பணத்தைக் கொடுத்ததும் மண்டபத்துக்காரர், "உங்க அக்கா மகளுக்குன்னா எரநூறு நாற்காலி சும்மாவே போடறேங்க" என்றார். அழைப்பிதழில் உன் பெயரைத் தங்க எழுத்தில் அடித்திருக்கிறோம். 'டெல்லி பயிற்சி முடித்துத் திரும்பும்' என்று ஒரு வரி நானே சேர்த்தேன். ரஷீத் பாய் அதைப் பார்த்துவிட்டு நாலு நாளாக என்னோடு பேசவில்லை. தைத்துக்கொண்டே இருக்கிறார்.

தக்காளி விலை ஏறி இறங்கி ஆட்டம் காட்டுகிறது. சின்ன மாடு கன்று போட்டது, காளைக்கன்று. பஞ்சப்பள்ளி அணையில் தண்ணீர் பரவாயில்லை என்கிறார்கள்.

வட்டம் நடக்கிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். நீ எதையும் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நல்லதையே நினை, நன்றாகச் சாப்பிடு. விழாவுக்கு வந்து சேர்ந்தால் போதும்.

உன் மாமன்,
கிருஷ்ணப்பன்


29.8.2024

மாமாவுக்கு,

மண்டியை விட்டு நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஓசூரில் உங்களுக்கு என்ன வேலை?

கன்றுக்குட்டி வந்திருக்கிறது, அணைத் தண்ணீர் வந்திருக்கிறது. நான் கேட்டிருந்த ஒரே ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். நம் வட்டத்துக்கு வருகிற எல்லோர் வீட்டிலும் இதைத்தான் செய்கிறார்கள். நிலம் விற்பதைச் சொல்வதில்லை. தம்பிக்குக் கல்யாணம் பேசுவதைச் சொல்வதில்லை. அப்பா செத்ததைக்கூட ஒருவரிடம் கருமாதி முடிந்துதான் சொன்னார்கள். அவர்கள் ஆட்கள், அவர்களிடம் சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டவள் நான். இப்போது என் வீட்டிலேயே என்னை அப்படி நடத்துகிறீர்கள்.

செல்லி எங்கே?

சசிகலா


மாரண்டஹள்ளி
6.9.2024

சசிக்கு,

மாமன் எழுதுவது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு எழுதாவிட்டால் சோறு இல்லை என்கிறாள்.

உன் ஜூலைக் கடுதாசி வந்த அன்றைக்கே ரஷீத் பாயும் நானும் அவருடைய வண்டியில் போனோம். கொட்டாயில் கண்ணம்மாள் மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "புள்ள வூட்ட வுட்டுப் போயி மூணு நாளாச்சுங்க" என்றாள். "ஒங்க போனுக்கு அடிச்சேன். களி போடச் சொன்னீங்க. போட்டனுங்க. அது திங்கலீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள்.

மாத்திரையெல்லாம் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. சாப்பிட்டால் களை வெட்டும்போது தூங்கி விழுகிறாளாம், நிறுத்திவிட்டிருக்கிறாள். பாலக்கோடு, ராயக்கோட்டை என்று பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகத் தேடினோம். எத்தனை நாள் தேடினோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஓசூரில், பழக்கடைகளுக்குப் பின்னால், ஒரு பெட்டிக்கடைக்காரம்மா சொல்லித்தான் பார்த்தோம். கால் இரண்டும் புண். யாரையும் அடையாளம் தெரியவில்லை. ரஷீத் பாய் அப்படியே தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன், பேசாதீர்கள் என்று கையைக் காட்டினார். வெகுநேரம் கழித்து அவளாகவே எழுந்து அவர் பின்னால் வந்தாள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினைந்து நாள் கழித்துத்தான் பேச்சு வந்தது. நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

"வட்டத்துல ஏன் தாயி சொல்லல?" என்றேன்.

"எல்லாரும் நல்லாருக்கறப்ப நானு மட்டும் எப்பிடிங்க சொல்றது? மொத ஆளு நீங்கதான சொன்னீங்க."

கொஞ்ச நேரம் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா டெல்லிலயாங்க இருக்குது?"

"ஆமா தாயி."

"நானு மெட்ராசுல கம்பெனி வேலைக்குப் போயிருக்கறன்னு எங்கம்மா ஊருக்குள்ள சொல்லி வெச்சிருக்குதுங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கும் ஒரு சுளை கொடுத்தாள்.

நான் இதுவரைக்கும் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அவள் இப்போது தேறிவருகிறாள், சத்தியமாக. அலங்காரம் இல்லை, டாக்டர் சொன்னது.

நீ வந்துவிடு சசி. பத்தாம் தேதி மேடையில் உன் முகத்தைப் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நான் சொன்னதும் பொய்யாகாது. உங்கள் டாக்டரிடம் வேண்டுமானால் நான் வந்து பேசுகிறேன்.

மாமன்


18.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அத்தைக்கு என் முத்தம். சோறு போட்டார்களா?

செல்லியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. படித்துவிட்டு அழுதேன். இரண்டு நாள் படுத்திருந்தேன். பிறகு எழுந்தேன். கெட்ட செய்தி கேட்டால் நான் செத்துப்போக மாட்டேன் மாமா.

விழாவுக்கு நான் வரவில்லை.

டாக்டர் விடுவார், கேட்டுப் பார்த்துவிட்டேன். வந்தால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியும். சிரிக்கவும் முடியும். அதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. பொங்கல் கழிந்ததிலிருந்தே வட்டத்தில் நானும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். நாமே விழுந்துவிட்டால் இவர்கள் என்ன ஆவார்கள் என்று பயம். ரஷீத் அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது, கேட்டார். சிரித்துச் சமாளித்துவிட்டேன். மறுபடி அந்தச் சிரிப்போடு மேடை ஏறினால் என்னால் இறங்க முடியாது.

நான் எப்படி இருக்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். தலை வாருவதற்கே மதியம் ஆகிவிடுகிற நாட்கள் இருக்கின்றன. இங்கே தோட்டத்தில் வெண்டைக்குத் தண்ணீர் விடுகிறேன். சில நாள் அதுவும் இல்லை. முன்பு இருந்ததற்கு இது தேவலாம். எப்போது முழுதாகச் சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை.

பத்தாம் தேதி என் நிலைமையை நீங்கள் சொல்லுங்கள். அழைப்பிதழில் டெல்லி இருக்கிறது, அதிகாரிகள் இருப்பார்கள், தெரியும். ஒரு வாக்கியம் போதும். செல்லி வந்திருந்தால் அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

சசிகலா


மாரண்டஹள்ளி
11.10.2024

அன்புள்ள சசிக்கு,

உன் மாமன் கிருஷ்ணப்பன் எழுதுவது. இன்று ஆயுத பூஜை. அரிவாள்மணை, மண்வெட்டியோடு உன் போனுக்கும் உன் அத்தை பொட்டு வைத்துவிட்டாள். கன்று துள்ளுகிறது. உன் வெண்டை காய்த்ததா?

நேற்று விழா. ஜனம் என்றால் ஜனம், பந்தல் கிழிந்தது என்று எழுதத்தான் கை போகிறது. நாற்காலியில் பாதி காலி. ஆனால் நம் வியாழக்கிழமை ஆட்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். செல்லி அம்மாவோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்புப் போட்டிருந்தாள்.

அதிகாரிகள் பேசினார்கள். ஒருவர் உன்னை டெல்லி வரைக்கும் நம் ஜில்லாவின் பெயரைக் கொண்டுபோனவர் என்று புகழ்ந்தார். கைதட்டினார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். ரஷீத் பாய் மைக்கை என் கையில் கொடுத்தார். "அளவாப் பேசுங்க மாமா" என்றார்.

"எங்க தலைவி டெல்லியில இல்லீங்க" என்றேன். "அது நானாச் சொன்னது. மனசுக்கு முடியாம வைத்தியத்துல இருக்குது. ஒங்களாட்டமே மாத்திரை சாப்பிடுது. இன்னம் தேறல. நானு கல்லாட்டம் இருக்கறேன்னு வாராவாரம் சொன்னதும் பொய்ங்க. அது போனதுலருந்து எனக்குத் தூக்கமில்ல."

நீ ஒரு வாக்கியம் போதும் என்றாய். எனக்கு அவ்வளவு சின்னதாகச் சொல்ல வராது.

புகழ்ந்து பேசிய அதிகாரி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் எழுந்து வெளியே போனார். போச்சு, பத்து வருஷத்தையும் ஒரே நிமிஷத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது செல்லி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அக்கா எப்ப வருங்க?"

தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று எத்தனையோ தேதி நாக்கு நுனிவரை வந்தது. நல்ல நல்ல தேதிகள். கேட்டால் மண்டபமே கைதட்டியிருக்கும்.

"தெரியாது தாயி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப நம்மளாட்டமேதான்" என்று கண்ணம்மாளிடம் சொன்னாள். பிறகு எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கீழே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவரும் நாற்காலியைத் தள்ளினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும். நாற்காலி இழுபடும் சத்தத்தில் பந்தி போடுகிறார்கள் என்று நினைத்துச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். ரஷீத் பாய் மேடையிலிருந்து இறங்கிப் போய் உட்கார்ந்தார். நானும் இறங்கினேன். என் முழங்கால் மடங்கவில்லை, இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள்.

தலைவர்தான் முதலில் பேச வேண்டும் என்று என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"நானு இன்னம் நல்லால்லீங்க" என்றாள் செல்லி.

"நானுந்தான்" என்றார் அடுத்தவர்.

இருட்டும்வரை போனது சசி. பிரியாணி ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டோம்.

உன் மாமன்,
கிருஷ்ணப்பன்